ஒரு கையால் திறக்கும் குங்குமச் சிமிழ்: லேத்தில் கடையலாம் வாங்க

பூஜை அலமாரியில் இருக்கும் குங்குமச் சிமிழை எப்படித் திறக்கிறோம் என்று நாளைக் காலை கவனித்துப் பாருங்கள். இடக்கையில் தட்டோ பூவோ இருக்கும். வலக்கைக் கட்டைவிரலும் இரண்டு விரல்களும் மூடியின் உச்சியைப் பிடித்துத் தூக்கும். மூடி மட்டும் வர வேண்டும். சிமிழ் வைத்த இடத்திலேயே நிற்க வேண்டும்.

நான் முதன்முதலில் கடைந்த சிமிழில் மூடி அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்தது, திறந்தால் 'டப்' என்று சத்தம் வரும். கடைசல் கற்பவர்கள் அந்தச் சத்தத்தைப் பெருமையாகச் சொல்வார்கள், நானும் சொன்னேன். மறுநாள் அம்மா மூடியைத் தூக்கினார். சிமிழும் கூடவே எழுந்து, பாதி உயரத்தில் கழன்று விழுந்தது. அலமாரி முழுக்கக் குங்குமம். அதன்பிறகு எந்தச் சிமிழுக்கும் 'ஒரு கை' என்பதைத்தான் முதல் அளவாக வைத்துக்கொள்கிறேன். கீழே வரும் அளவுகள் எல்லாம் அதிலிருந்து வந்தவை.

உங்களிடம் ஒரு சிறிய மர லேத்தும் நான்கு தாடை சக்கும் (மரத்தைக் கவ்விச் சுழற்றும் பிடி) இருக்கின்றன, பம்பரமோ பூரிக்கட்டையோ ஒன்றிரண்டு கடைந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

தாளில் வரைவது

முழு அளவில் வரையுங்கள். சிமிழின் அகலம் 55 மி.மீ., உயரம் 40. அதற்கு மேல், வாயில் 5 மி.மீ. உயரத்துக்கு ஒரு உதடு. மூடி அதன்மேல் இறங்கும். மூடி 18 மி.மீ. உயரம், அதற்கு மேல் 35 மி.மீ. உயரக் கலசம். உதட்டின் வெளி அகலம் 44, உள் அகலம் 36. மோதிர விரல் தாராளமாக உள்ளே போக இந்த 36 வேண்டும். உள்ளே அடிப்பகுதி கிண்ணம்போல வளைந்திருக்கட்டும். மூலை இருந்தால் கடைசிக் குங்குமம் அங்கேயே தங்கிவிடும், விரலுக்கு எட்டாது.

கலசத்தில்தான் நான் அதிக நேரம் செலவழிப்பேன். கோபுரக் கலசத்தைத் தெருமுனையிலிருந்து பார்த்தால்கூடக் குடம் வேறு, மொட்டு வேறு என்று தெரிகிறது. நடுவில் கழுத்து அவ்வளவு ஒடுங்கியிருப்பதால்தான் அப்படி. நம் சிறிய கலசத்துக்கும் அதே வழி: பருமனில், அடியில் தாமரைப் பீடம் 12 மி.மீ., பிறகு 6 மி.மீ. கழுத்து, அதன்மேல் 14 மி.மீ. குடம், மறுபடி 4 மி.மீ. கழுத்து, உச்சியில் 7 மி.மீ. மொட்டு. எல்லாம் ஏறத்தாழ ஒரே பருமனில் இருந்தால் மேசைக்கால் மாதிரி ஆகிவிடும். குடத்துக்குக் கீழே உள்ள கழுத்தில்தான் விரல் நுனிகள் மாட்டிக்கொள்ளும். எண்ணெய்க் கையிலும் வழுக்காது. மொட்டின் முனை கூராக வேண்டாம், உருண்டையாக இருக்கட்டும்.

கலசத்தைத் தனி மரத்தில் கடைந்து மூடியில் பொருத்துவோம். மூடியோடு ஒரே துண்டாகக் கடையலாம்தான். ஆனால் கழுத்து ஒடிந்தால் மூடியும் போயிற்று. தனியாகச் செய்தால் இன்னொரு சிறு துண்டு மரத்தோடு முடிந்துவிடும்.

மரம்

என் தேர்வு பூவரசு. நெருக்கமான இழை, உளிக்கு இணங்கும், நடுவே சாக்லேட் நிறம். ஹவாய்த் தீவுகளில் இதே மரத்தை 'மிலோ' என்கிறார்கள். அங்கே உணவுக் கலங்கள் செய்யப் பழங்காலத்திலிருந்தே பயன்பட்டது. வெட்பாலையும் அருமையான மரம். கர்நாடகத்தின் சென்னபட்னா, ஆந்திரத்தின் எட்டிகொப்பாகா பொம்மைகள் அதில்தான் கடையப்படுகின்றன. ஆனால் தந்த நிறம் என்பதால் குங்குமக் கறை சீக்கிரம் ஏறும். தேக்கில் சிலிக்கா இருப்பதால் உளி அடிக்கடி மழுங்கும். முதல் வேலைக்கு அந்தத் தொல்லை எதற்கு? கலசத்துக்கு ஈட்டி மரம் (ரோஸ்வுட்) கிடைத்தால் நல்லது. அதன் தூசி சிலருக்கு அரிப்பைக் கொடுக்கும், முகமூடி கட்டாயம்.

சிமிழுக்கு 60 × 60 × 110 மி.மீ. துண்டு, கலசத்துக்கு 20 × 20 × 80. இரண்டிலும் இழை நீளவாக்கில் ஓட வேண்டும். நன்றாகக் காய்ந்த மரமாக இருப்பது எல்லாவற்றையும்விட முக்கியம். பச்சை மரத்தில் வட்டமாகக் கடைந்த வாய் ஒரு வாரத்தில் நீள்வட்டம் ஆகும், மூடி ஏறாது.

உருட்டிப் பிரித்தல்

முகத்தை முழுவதும் மறைக்கும் கவசம் (ஃபேஸ் ஷீல்டு) போடுங்கள். துண்டு, துப்பட்டா, வளையல், கையுறை எதுவும் வேண்டாம். நீண்ட முடியைக் கட்டுங்கள். சுவிட்சைப் போடும் முன் கையால் ஒரு சுற்றுச் சுற்றி, மரம் டூல் ரெஸ்ட்டில் (உளியைத் தாங்கும் கம்பி) இடிக்கிறதா என்று பாருங்கள். டூல் ரெஸ்ட்டை நகர்த்த வேண்டுமானால் லேத்தை நிறுத்திவிட்டுத்தான்.

லேத்தின் இரண்டு சென்டருக்கும் (மரத்தை இரு முனையிலும் தாங்கும் கூர்முனைகள்) நடுவில் வைத்து, நிமிடத்துக்கு 800 சுற்றில் ரஃபிங் கவுஜால் (சதுர மரத்தை உருளையாக்கும் அகன்ற குழி உளி) உருட்டுங்கள். இரு முனையிலும் 6 மி.மீ. நீளத்துக்குச் சக் பிடிப்பு (தாடைகள் கவ்வும் ஒடுங்கிய முளை) வெட்டுங்கள். பிடிப்பின் முனை சக்கின் அடியைத் தொடக் கூடாது, தோள்பகுதிதான் தாடைமேல் உட்கார வேண்டும். அப்புறம் மூடிக்கு ஒரு பங்கு, அடிக்கு இரண்டு பங்கு என்று பார்ட்டிங் உளியால் பிரியுங்கள். கடைசி ஒரு சென்டிமீட்டரை லேத்தை நிறுத்தி ரம்பத்தால் அறுப்பது பத்திரம்.

மூடியின் உட்புறம்

மூடித் துண்டைச் சக்கில் மாட்டி, முகத்தைச் சமமாக்கி, 9 மி.மீ. ஆழத்துக்குக் குடையுங்கள். உச்சியில் 9 மி.மீ. மரம் மிஞ்ச வேண்டும், கலசம் நிற்பது அதில்தான். வாயின் 44 மி.மீ. சுவர் நேராக, இணையாக இருக்க வேண்டும். காலிப்பரை விளிம்பில் ஒருமுறை, 5 மி.மீ. உள்ளே ஒருமுறை வைத்து அளந்து பாருங்கள். உள்ளே அகன்றோ குறுகியோ போனால் பிறகு எதுவும் சரியாகப் பொருந்தாது. உப்புத்தாள் போட்டு, உட்புறத்தை இப்போதே முடித்துவிடுங்கள். மறுபடி இந்தப் பக்கம் சக்கில் வராது.

உதடு

இனி அடித்துண்டு. வாயில் முதலில் 2 மி.மீ. நீளத்துக்கு மட்டும், நுனி லேசாகக் குறுகும்படி உதடு வெட்டுங்கள். லேத்தை நிறுத்தி, மூடியை அதன்மேல் வைத்துச் சற்றுத் திருகி எடுங்கள். மூடி தேய்த்த இடத்தில் பளபளப்பாக ஒரு வளையம் தெரியும். சரியான அளவு அதுதான். அந்த அளவுக்கு 5 மி.மீ. நீள உதட்டை முழுவதும் வெட்டுங்கள்.

இந்தக் கட்டத்தில் மூடி இறுக்கமாகவே இருக்க வேண்டும், ஏனென்றால் வெளிவடிவம் கடையும்போது அதைப் பிடித்துக்கொள்வது இந்த உதடு மட்டும்தான். தளர்ந்துவிட்டால் நடுவில் ஒரு டிஷ்யூ தாள் வையுங்கள்.

வெளிவடிவம்

மூடியைப் பொருத்தி, டெயில்ஸ்டாக்கால் (லேத்தின் மறுமுனையில் நகரும் தாங்கி) முட்டுக்கொடுத்து, 1,500 சுற்றில் இரண்டையும் சேர்த்தே கடையுங்கள். அடியின் வளைவு மூடியில் தொடர்ந்து போக வேண்டும். சேரும் இடத்தில் ஒரு மெல்லிய கோடு கீறிவிடுவேன். பின்னாளில் மரம் இம்மியளவு சுருங்கினாலும் அந்தக் கோட்டின் நிழலில் தெரியாது. உச்சியில் இருக்கும் சக் பிடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, கடைசியில் சேருமிடத்தைச் சுற்றி மாஸ்கிங் டேப் ஒட்டி, டெயில்ஸ்டாக்கை விலக்கி, மெல்லிய வெட்டாக முடியுங்கள். உச்சியின் நடுவில் 6 மி.மீ. துளை, 6 மி.மீ. ஆழம். டிரில் பிட்டில் ஆழத்தைக் குறிக்க ஒரு டேப் சுற்றிக்கொள்ளுங்கள். உப்புத்தாள் 150, 240, 400.

உட்குடைவு

மூடியை எடுத்துவிட்டு, டெயில்ஸ்டாக்கில் 25 மி.மீ. ஃபோர்ஸ்ட்னர் பிட் (தட்டையான அடியோடு அகலத் துளையிடும் பிட்) மாட்டி, 500 சுற்றில் 34 மி.மீ. ஆழம் வரை துளையுங்கள். அங்கிருந்து உருண்டை முனை ஸ்கிரேப்பரால் (சுரண்டும் உளி) அகலமாக்கி, அடியை வளைத்து, 38 மி.மீ. ஆழத்தில் நிறுத்துங்கள். உதட்டின் சுவர் 4 மி.மீ. இருக்கட்டும். ஸ்கிரேப்பர் கத்தினால் கூர்மை போய்விட்டது என்று அர்த்தம். அழுத்தாதீர்கள், தீட்டிவிட்டு வாருங்கள்.

இறுக்கத்தைத் தளர்த்துதல்

குடைந்து முடித்தபின்தான் இதைச் செய்ய வேண்டும். உள்ளிருந்த மரம் போனதும் சுவர் சற்று அசைந்துகொடுக்கும், முன்பு பொருந்திய மூடி இப்போது ஒரு பக்கம் பிடிக்கும். 320 உப்புத்தாளை உதட்டில் இரண்டு நொடி தொட்டு, லேத்தை நிறுத்தி, மூடியைப் போட்டுப் பாருங்கள். மறுபடி இரண்டு நொடி. மூடி தன் எடையாலேயே இறங்க வேண்டும், இறங்கியபின் பக்கவாட்டில் ஆடக் கூடாது. பூச்சு ஏறியதும் கொஞ்சம் இறுகும் என்பதால் ஒரு மயிரிழை அதிகமாகவே தளர்த்துங்கள். ஐந்து நிமிடம் ஆகும், பத்தும் ஆகலாம். இந்த இடத்தில் மட்டும் அவசரமே வேண்டாம்.

பூச்சுக்கு ஸ்பிரிட்டில் கரைத்த ஷெல்லாக். அரக்கிலிருந்து வருவது, காய்ந்ததும் மெல்லிய படலமாக நிற்கும், குங்குமம் இழைக்குள் இறங்காது. உள்ளே எண்ணெய் பூச வேண்டாம், குங்குமம் கட்டிதட்டும். ஓடும் லேத்தில் துணியால் பூசாதீர்கள், சுற்றிக்கொண்டால் விரலையும் இழுக்கும். டிஷ்யூ தாள் கிழிந்துவிடும், அதுதான் பாதுகாப்பு.

கலசம்

20 மி.மீ. துண்டை எல்லாச் சக்கும் பிடிக்காது. ஒரு முனையை 16 மி.மீ. உருளையாக்கி, 16 மி.மீ. துளையிட்ட மரக்கட்டை ஒன்றைச் சக்கில் மாட்டி அதற்குள் தட்டி ஏற்றுங்கள்.

மொட்டிலிருந்து தொடங்கிச் சக்கை நோக்கி வர வேண்டும். மொட்டைக் கடையும்போது அதற்குப் பின்னால் முழுப் பருமன் மரம் தாங்கிக்கொண்டிருக்கும். மொட்டு முடிந்ததும் உப்புத்தாளும் போட்டுவிட்டு, மேல்கழுத்து, பிறகு குடம், கீழ்க்கழுத்து, பீடம். முடித்த இடத்துக்கு உளியோடு திரும்பிப் போகவே கூடாது, 4 மி.மீ. கழுத்து அதைத் தாங்காது. வேகம் 2,000 சுற்று, புதிதாகத் தீட்டிய சிறிய ஸ்பிண்டில் கவுஜ், இடக்கை விரல் ஒன்று பின்னாலிருந்து இறகுபோலத் தாங்கட்டும். பீடத்துக்குக் கீழே 6 மி.மீ. பருமனில் 5 மி.மீ. நீளக் கழுந்து விட்டு, பீடத்தின் அடியைச் சற்றுக் குழிவாக வெட்டுங்கள். அப்போதுதான் மூடிமேல் இடைவெளியின்றி உட்காரும். அறுத்தெடுத்து, ஒரு துளி ஃபெவிகால் வைத்துப் பொருத்துங்கள். நாலா பக்கமிருந்தும் பார்த்து நேராக நிற்கிறதா என்று சரிசெய்துகொள்ள ஓரிரு நிமிடம் கிடைக்கும்.

அடிப்பாகம்

மிச்சக் கட்டை ஒன்றில் 36 மி.மீ. முளை கடைந்து, சிமிழின் வாயை அதன்மேல் கவிழ்த்து இறுக்குங்கள். டெயில்ஸ்டாக்கால் முட்டுக்கொடுத்துச் சக் பிடிப்பை எடுத்துவிட்டு, அடியின் நடுவை ஒரு மி.மீ. உட்குழிவாக்குங்கள். விளிம்பு வளையத்தில் நின்றால் அலமாரியில் ஆடாது. நடுவில் மிஞ்சும் சின்னக் குமிழை உளியால் சீவி, உப்புத்தாள் போட்டு, ஷெல்லாக் பூசுங்கள்.

நாலைந்து நாள் மூடியைத் திறந்தே வையுங்கள். ஸ்பிரிட் வாடை முழுவதும் போனபின், வெறும் சிமிழை அலமாரியில் வைத்து ஒரு கையால் திறந்து பாருங்கள். சிமிழ் அசைந்தால் உதட்டுக்கு 400 உப்புத்தாளில் இன்னும் இரண்டு தேய்ப்பு. அசையாவிட்டால் குங்குமத்தைக் கொட்டலாம், முக்கால் அளவுக்கு.