அமெரிக்காவில் பொது அறுவை சிகிச்சை ரெசிடென்சி: இந்திய எம்.பி.பி.எஸ். பட்டதாரிகள் விண்ணப்பிக்கும் முறை

நீட் பி.ஜி. தேர்வுக்கும் அதன் கலந்தாய்வுக்கும் பழகிய மனம் அமெரிக்காவின் முதுநிலை மருத்துவப் பயிற்சியான ரெசிடென்சியின் சேர்க்கை முறையை முதலில் தவறாகவே புரிந்துகொள்கிறது. இங்கே தரவரிசை எண் ஒன்று வருகிறது, அந்த எண்ணுக்கு எட்டிய இடம் கிடைக்கிறது, உங்களை வார்டில் பார்த்த பேராசிரியர் எவருக்கும் அந்த முடிவில் பங்கில்லை. அங்கே அப்படியொரு பொதுத் தரவரிசையே கிடையாது. ஒவ்வொரு பயிற்சித் திட்டமும் தனக்கு வரும் விண்ணப்பங்களைத் தானே படித்து, சிலரை நேர்காணலுக்கு அழைத்து, தன் விருப்பப் பட்டியலைத் தானே எழுதுகிறது. ஐந்து ஆண்டுகள் இரவு பகலாகத் தங்களோடு ஆபரேஷன் தியேட்டரில் நிற்கப்போகிறவர் யார் என்பதே அவர்கள் கேட்கும் கேள்வி. ஆகவே மதிப்பெண் உங்கள் விண்ணப்பத்தைப் படிக்க வைக்குமே தவிர, இடத்தை வாங்கித் தராது.

எந்த இடத்துக்கு விண்ணப்பிக்கிறீர்கள்?

பொது அறுவை சிகிச்சையில் இரண்டு வகை இடங்கள் உண்டு. கேட்டகாரிகல் என்பது முதல் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரை உறுதியளிக்கப்பட்ட இடம். அதை முடிப்பவர் அமெரிக்க அறுவை சிகிச்சை வாரியத்தின் சான்றிதழுக்குத் தகுதி பெறலாம். பல பல்கலைக்கழகத் திட்டங்களில் இதனுடன் ஓரிரு ஆண்டு ஆராய்ச்சியும் சேர்ந்துகொள்ளும். பிரிலிமினரி என்பது பெரும்பாலும் ஓராண்டுக்கு மட்டுமான இடம். அதே டியூட்டி, அதே சம்பளம், அதே இரவுகள்; ஆனால் அடுத்த ஆண்டுக்கு எந்த உறுதியும் இல்லை.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் ஹால்ஸ்டெட் உருவாக்கிய பயிற்சி முறை கூம்பு வடிவிலானது: கீழே பலர் சேர்வார்கள், மேலே ஏற ஏறச் சிலர் கழிக்கப்படுவார்கள், உச்சியில் ஒருவரே மிஞ்சுவார். பின்னர் பாஸ்டனில் எட்வர்ட் சர்ச்சில் முன்வைத்த, சேர்ந்தவர் எல்லோரும் முடிக்கக்கூடிய செவ்வக முறையே இன்றைய கேட்டகாரிகல் இடங்களின் அடிப்படை. பிரிலிமினரி இடங்களில் அந்தப் பழைய கூம்பின் நிழல் இன்னும் மிச்சமிருக்கிறது என்பது என் கருத்து. ஆண்டுக்கு 1600க்கும் மேற்பட்ட கேட்டகாரிகல் இடங்கள் அறிவிக்கப்பட்டு, ஏறத்தாழ அனைத்தும் நிரம்பிவிடுகின்றன. அவற்றில் அமெரிக்கக் குடியுரிமை இல்லாத வெளிநாட்டுப் பட்டதாரிகளுக்குக் கிடைப்பவை மிகச் சிலவே. பிரிலிமினரி இடங்களோ ஒவ்வோர் ஆண்டும் சில நூறு காலியாகக் கிடக்கின்றன. ‘இடம் எளிதாகக் கிடைக்கும்’ என்று யாராவது உங்களிடம் சொன்னால், அவர் எந்த வகையைப் பற்றிப் பேசுகிறார் என்று முதலில் கேளுங்கள்.

இந்தியாவில் எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை முடித்தவர்களும் பொதுவாக அங்கே முதல் ஆண்டிலிருந்தே தொடங்க வேண்டியிருக்கும் என்பதைச் சேர்த்தே கணக்கிட வேண்டும்.

தேர்வுகளும் சான்றிதழும்

வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளின் தகுதியைச் சரிபார்க்கும் இ.சி.எஃப்.எம்.ஜி. அமைப்பின் சான்றிதழ் கட்டாயம். அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.யின் ஸ்டெப் 1, ஸ்டெப் 2 சி.கே. ஆகிய இரண்டு தேர்வுகள், மருத்துவத் துறைக்கான ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, மருத்துவத் திறனைச் சான்றளிக்கும் ‘பாத்வே’ விண்ணப்பம், உங்கள் கல்லூரியிடமிருந்தே நேரடியாகச் சரிபார்க்கப்படும் பட்டச் சான்று ஆகியவை இதற்குத் தேவை. நமது தேசிய மருத்துவ ஆணையத்துக்கு மருத்துவக் கல்விக்கான உலகக் கூட்டமைப்பு 2023இல் 10 ஆண்டு அங்கீகாரம் வழங்கியிருப்பதால், கல்லூரி அங்கீகாரம் குறித்த கவலை இந்தியப் பட்டதாரிகளுக்குக் குறைந்துவிட்டது.

ஸ்டெப் 1 தேர்வு 2022 ஜனவரி முதல் தேர்ச்சி, தோல்வி என்று மட்டுமே அறிவிக்கப்படுகிறது. அதனால் எண்ணாகத் தெரியும் ஒரே மதிப்பெண் ஸ்டெப் 2 சி.கே.தான், அதன் எடையும் கூடிவிட்டது. செப்டம்பரில் விண்ணப்பம் சமர்ப்பிக்கும்போது இந்த மதிப்பெண் கையில் இருக்க வேண்டும். ஒருமுறை தோற்றால் அது நிரந்தரமாகப் பதிவில் நிற்கும். ஆகவே நண்பர்கள் எழுதிவிட்டார்கள் என்பதற்காகத் தயாராகாமல் தேர்வுக்குப் போவதைவிட ஒரு பருவம் தள்ளிப்போவது மேல். இதைச் சொன்னால் பலருக்குப் பிடிப்பதில்லை.

உங்களை அறிந்த அறுவை மருத்துவர்கள்

விண்ணப்பத்தின் கனமான பகுதி பரிந்துரைக் கடிதங்கள். ஒரு திட்டத்துக்கு அதிகபட்சம் நான்கு கடிதங்களை இணைக்கலாம். அவற்றுள் பெரும்பாலானவை உங்களுடன் நேரில் பணியாற்றிய அறுவை மருத்துவர்களுடையவையாகவும், இயன்றால் அமெரிக்காவில் பணிபுரிபவர்களுடையவையாகவும் இருக்க வேண்டும். அங்குள்ள தேர்வாளர் அந்தக் கடிதத்தில் தேடுவது உங்கள் குணநலன்களின் பட்டியலை அன்று. ‘எங்கள் ரெசிடென்டுகளோடு ஒப்பிட்டால் இவர் எங்கே நிற்கிறார், இவரை நானே சேர்த்துக்கொள்வேனா’ என்பதற்கான பதிலை.

‘நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்’ என்று சொல்லும் வழக்கம் நம் கல்லூரிகளில் உண்டு. அப்படி எழுதப்பட்ட மூன்று கடிதங்கள் ஒரே குரலில், ஒரே உரிச்சொற்களோடு, சில சமயம் ஒரே பிழையோடு போய்ச் சேருகின்றன. அதற்குப் பதிலாக, அந்தப் பேராசிரியரின் யூனிட்டில் நீங்கள் கவனித்த நோயாளிகள், இரவு டியூட்டியில் நீங்கள் எடுத்த முடிவுகள், அவர் உங்களைத் திருத்திய சந்தர்ப்பங்கள் ஆகியவற்றை ஒரு பக்கக் குறிப்பாக எழுதிக் கொடுங்கள். கடிதத்தை அவர் எழுதட்டும். கடிதத்தை அவரே இணையவழியில் நேரடியாகப் பதிவேற்ற வேண்டும். அதைப் பார்க்கும் உரிமையை நீங்கள் விட்டுக்கொடுத்துவிடுவதே நல்லது, ஏனெனில் விண்ணப்பதாரர் படித்திருக்கக்கூடிய கடிதத்தை எவரும் முழுமையாக நம்புவதில்லை.

அமெரிக்க அறுவை மருத்துவர் ஒருவர் உங்களை அறிவதற்கு வழி என்ன? பட்டம் பெறும் முன்பே, அதாவது மாணவராகக் கருதப்படும் காலத்திலேயே, அங்கே எலெக்டிவ் செல்வது முதல் வழி. நோயாளியைத் தொட்டுப் பரிசோதிக்கவும் குழுவில் ஒருவராக இயங்கவும் அதில்தான் வாய்ப்பு கிடைக்கும். பட்டம் வாங்கியபின் பெரும்பாலும் அப்சர்வர்ஷிப் மட்டுமே கிடைக்கும். அதில் கைகட்டி நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். நான்கு வாரம் ஓரமாக நின்றவரைப் பற்றி எவ்வளவு நல்ல மருத்துவராலும் நான்கு வரிக்கு மேல் எழுத இயலாது. மூன்றாவது வழி, பல்கலைக்கழக அறுவைத் துறை ஒன்றில் ஓராண்டோ ஈராண்டோ ஆராய்ச்சியாளராகச் சேர்வது. கேட்டகாரிகல் இடம் பெறும் வெளிநாட்டுப் பட்டதாரிகள் பலர் இந்த வழியில் வந்தவர்கள். சம்பளம் குறைவாகவோ, சில இடங்களில் இல்லாமலோ இருக்கும் என்பதால் குடும்பத்தின் பணநிலையைத் தெளிவாகப் பேசிவிட்டுக் கிளம்ப வேண்டும். சேரும் முன், அதே ஆய்வகத்தில் முன்பு இருந்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று விசாரியுங்கள். அவர்களில் ஒருவருக்கும் ரெசிடென்சி கிடைக்கவில்லையென்றால் உங்களுக்கும் கிடைக்கும் என்று நம்பக் காரணமில்லை.

விண்ணப்பத்தை எழுதுதல்

பொது அறுவை சிகிச்சைக்கான விண்ணப்பம் அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் ஈராஸ் இணைய அமைப்பின் வழியாகவே செல்கிறது. வெளிநாட்டுப் பட்டதாரிகள் இதற்குள் நுழைவதற்கான டோக்கன் என்ற குறியீட்டை இ.சி.எஃப்.எம்.ஜி.யிடமிருந்து பெறுகிறார்கள். ஜூனில் அமைப்பு திறக்கிறது. செப்டம்பர் தொடக்கத்திலிருந்து சமர்ப்பிக்கலாம். அம்மாதத்தின் இறுதி வாக்கில் எல்லாத் திட்டங்களும் ஒரே நாளில் விண்ணப்பங்களைப் பார்க்கத் தொடங்குகின்றன. அந்த நாளில் உங்கள் விண்ணப்பம் முழுமையாக இருக்க வேண்டும். மாணவரின் செயல்திறனை மதிப்பிட்டுக் கல்லூரி டீனிடமிருந்து வரவேண்டிய எம்.எஸ்.பி.இ. கடிதமும் மதிப்பெண் பட்டியலும்தான் நம்மவர்களுக்கு வழக்கமாகத் தாமதமாகின்றன, எம்.எஸ்.பி.இ. என்றால் என்னவென்றே அறியாத அலுவலகங்கள் உண்டு. மே மாதமே மாதிரிப் படிவத்துடன் போய் நில்லுங்கள்.

அனுபவங்களாகப் பத்து வரை குறிப்பிடலாம், அவற்றில் மூன்றை முக்கியமானவையாகத் தேர்ந்து கூடுதலாக விளக்கலாம். ஹவுஸ் சர்ஜன் காலத்தில் நமக்குக் கிடைக்கும் பயிற்சி அமெரிக்க மாணவருக்குக் கிடைப்பதைவிடச் செய்முறையில் அதிகம்: காயம் தைத்தல், சீழ்க்கட்டி திறத்தல், விபத்துப் பிரிவின் இரவுகள், இரண்டாம் உதவியாளராக நின்ற எண்ணற்ற அறுவைகள். இதை எழுதுவதில் ஓர் எச்சரிக்கை தேவை. குடல்வால் அறுவையைத் தனியாகச் செய்தேன் என்று எழுதினால் அங்குள்ளவர் வியப்பதில்லை. மேற்பார்வையின்றி ஒரு பயிற்சி மருத்துவரை யார் செய்ய விட்டது என்றே யோசிப்பார். உதவியவராக நின்றிருந்தால் உதவினேன் என்றே எழுதுங்கள். ஒவ்வொரு வரியைப் பற்றியும் நேர்காணலில் கேள்வி வரலாம். நீட் பி.ஜி.க்குப் படித்ததால் ஓராண்டு இடைவெளி இருந்தால் அதையும் மறைக்காமல் ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

தன்விளக்கக் கட்டுரை ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். தாத்தாவின் நோய், சிறுவயதுக் கனவு, முதல் முறை தியேட்டருக்குள் நுழைந்த சிலிர்ப்பு ஆகியவற்றை அவர்கள் அன்று காலையில் மட்டுமே பலமுறை படித்திருப்பார்கள். ஒரு நோயாளி, அவருக்காக நீங்கள் உண்மையில் செய்த வேலை, அதில் தவறிய அல்லது கற்ற ஒன்று, பொது மருத்துவத்தையோ குழந்தை மருத்துவத்தையோ விட்டு ஏன் அறுவை என்பதற்கான காரணம்: இவ்வளவு போதும்.

எத்தனை திட்டங்களுக்கு விண்ணப்பிப்பது என்பதில் பணமும் அறிவும் சேர்ந்து வேலை செய்ய வேண்டும். 2025 பருவத்தின் கட்டணப்படி முதல் 30 திட்டங்களுக்குத் தலா 11 டாலர், அதற்கு மேல் ஒவ்வொன்றுக்கும் 30 டாலர். நூறு திட்டங்களுக்கு விண்ணப்பித்தால் 2430 டாலர் ஆகிவிடும். அதைச் செலவிடும் முன் ஒவ்வொரு திட்டத்தின் இணையப் பக்கத்திலும் நான்கு செய்திகளைத் தேடுங்கள்: எந்த விசாவுக்கு ஆதரவளிக்கிறார்கள், பட்டம் பெற்று எத்தனை ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும், தேர்வில் தோல்வியை ஏற்கிறார்களா, இப்போதைய ரெசிடென்டுகள் யார் யார். கடைசிச் செய்தியே அதிகம் பேசும். வெளிநாட்டுக் கல்லூரிப் பெயர்கள் மூன்றாம், நான்காம் ஆண்டுப் பட்டியலிலும் இருந்தால் அது உங்களுக்கான திட்டம். முதல் ஆண்டின் பிரிலிமினரி வரிசையில் மட்டும் இருந்தால், அங்கே உங்களை எதற்கு எடுப்பார்கள் என்பது தெளிவு. ஒரு திட்டத்தில் உங்களுக்குத் தனி ஆர்வம் இருப்பதைக் காட்ட விண்ணப்பத்தோடு அனுப்பத் தரப்படும் ‘சிக்னல்’ எண்ணிக்கையில் அளவானது. அதைப் புகழ்பெற்ற பெயர்களுக்கு வீணாக்காமல், உங்களை அறிந்தவர் இருக்கும் இடங்களுக்கும் உங்களைப் போன்றவர்களை எடுத்த இடங்களுக்கும் கொடுங்கள்.

நேர்காணலும் தரவரிசைப் பட்டியலும்

அழைப்புகள் அக்டோபர் முதல் ஜனவரி வரை வரும். 2020க்குப் பின் பெரும்பாலானவை இணையவழியிலேயே நடக்கின்றன. அழைப்பு வந்த சில நிமிடங்களில் நல்ல தேதிகள் போய்விடுவதுண்டு என்பதால் மின்னஞ்சல் ஒலியை இரவிலும் அணைக்க வேண்டாம். நவம்பர் முதல் ஞாயிறுக்குப் பின் நியூயார்க்கில் காலை 8 மணி என்பது நமக்கு மாலை 6.30, கலிஃபோர்னியாவில் காலை 8 என்பது இரவு 9.30. ‘நீங்கள் செய்த தவறு ஒன்றைச் சொல்லுங்கள்’ என்ற கேள்வி அநேகமாக நிச்சயம். தவறே செய்யாதவர் அறுவை மருத்துவராக இருக்க முடியாது என்பது கேட்பவருக்குத் தெரியும்; எனவே உண்மையான ஒன்றை, யாரிடம் எப்போது தெரிவித்தீர்கள் என்பதோடு சொல்லுங்கள். நீங்களும் கேட்கலாம்: ஐந்தாண்டில் கட்டாயமான 850 பெரிய அறுவைகளை இங்குள்ளவர்கள் எப்போது எட்டுகிறார்கள், வாரம் 80 மணி நேர வரம்பு எப்படிக் கணக்கிடப்படுகிறது, பிரிலிமினரியாக வந்தவர்களில் யாராவது கேட்டகாரிகலுக்கு மாறியிருக்கிறார்களா?

இதன்பின் வருவது என்.ஆர்.எம்.பி. என்ற அமைப்பு நடத்தும் மேட்ச், அதாவது இரு தரப்பு விருப்பப் பட்டியல்களையும் பொருத்தி இடம் ஒதுக்கும் முறை. இதற்குத் தனியாகப் பதிவு செய்ய வேண்டும். ஈராஸில் விண்ணப்பித்ததாலேயே இதில் சேர்ந்துவிட்டதாக நினைத்துவிடாதீர்கள். நீங்கள் திட்டங்களை வரிசைப்படுத்துகிறீர்கள், அவர்கள் உங்களை வரிசைப்படுத்துகிறார்கள், கணினி உங்கள் பட்டியலின் மேலிருந்து தொடங்கி இணைக்கிறது. 1998 முதல் பயன்படும் இந்த வழிமுறை விண்ணப்பதாரர் பக்கம் நின்று இயங்குவது. இதை வடிவமைத்தவர்களில் ஒருவரான ஆல்வின் ராத் 2012இல் பொருளியல் நோபல் பரிசு பெற்றார். கிடைக்காத இடத்தை முதலில் எழுதினால் இரண்டாம் இடமும் கைநழுவிவிடும் என்ற கலந்தாய்வுக் கால அச்சத்துக்கு இங்கே இடமில்லை. உண்மையான விருப்ப வரிசையை அப்படியே எழுதுங்கள். ஆனால் போக விரும்பாத இடத்தை எழுதவே வேண்டாம், ஏனெனில் முடிவு இரு தரப்பையும் கட்டுப்படுத்தும். சான்றிதழுக்குரிய தேர்வுகள் அனைத்திலும் பட்டியலின் இறுதி நாளுக்குள் நீங்கள் தேறியிருக்க வேண்டும்.

மார்ச் மூன்றாம் வாரத் திங்களன்று இடம் கிடைத்ததா என்பதும், வெள்ளியன்று எங்கே என்பதும் தெரியவரும். கிடைக்காதவர்கள் அதே வாரம் சோப் எனப்படும் சுற்றில் காலியிடங்களுக்கு 45 விண்ணப்பங்கள் வரை அனுப்பலாம். அதில் உங்கள் முன் வருவது பெரும்பாலும் பிரிலிமினரி அறுவை இடமாகவே இருக்கும் என்பதால், அதை ஏற்பதா, இன்னோர் ஆண்டு ஆராய்ச்சியில் இருந்து மீண்டும் முயல்வதா என்பதை அந்த வாரப் பதற்றத்தில் அன்றி, பிப்ரவரியிலேயே வீட்டாருடன் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.

இடம் கிடைத்தவர்களுக்கு மிச்சம் இருப்பது விசா. பெரும்பாலோர் செல்லும் ஜே-1 பரிமாற்ற விசாவுக்கு, இத்துறை மருத்துவர்கள் நாட்டுக்குத் தேவை என்று இந்தியச் சுகாதார அமைச்சகம் தரும் தேவைச் சான்றுக் கடிதம் வேண்டும். பயிற்சி முடிந்தபின் இரண்டாண்டு தாய்நாடு திரும்பும் நிபந்தனையும் அதில் உண்டு. ஜே-1 பொதுவாக ஏழு ஆண்டுகளுக்கே நீளும் என்பதால், ஐந்தாண்டுப் பயிற்சியோடு அடுத்த கட்டச் சிறப்புப் பயிற்சியான ஃபெலோஷிப்பும் எண்ணியிருப்பவர்கள் முதலிலேயே கணக்குப் பார்க்க வேண்டும். எச்-1பி பணி விசாவை விரும்பினால் யு.எஸ்.எம்.எல்.இ.யின் ஸ்டெப் 3 தேர்விலும் முன்கூட்டியே தேறியிருக்க வேண்டும்; 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி மனுக்களுக்கு அறிவிக்கப்பட்ட 1,00,000 டாலர் கட்டணத்துக்குப் பின் அந்த வழியில் ஆதரவளிக்கும் திட்டங்களை நேரடியாகக் கேட்டே உறுதி செய்ய வேண்டும். பணி ஜூலை 1 வாக்கில் தொடங்குகிறது, அறிமுகப் பயிற்சி ஜூனிலேயே வந்துவிடும்; ஆகவே தேவைச் சான்றுக்கான விண்ணப்பத்தை மேட்ச் முடிவு வந்த அதே வாரத்தில் அமைச்சகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.