உறுப்பினர்களின் பயணப்படி: ஓட்டை இல்லாமல் விதி எழுதுவது எப்படி?

சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கான பயணப்படி விதியை எழுத உட்காருபவர்கள் முதலில் வீதத்தில்தான் கை வைப்பார்கள்: கிலோமீட்டருக்கு எவ்வளவு, நாளுக்கு எவ்வளவு என்று. அதைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பயணம் அவைப் பணி, தவறான பில்லை நிறுத்த யாருக்கு அதிகாரம் என்ற இரண்டு கேள்விகளுக்கு விதியில் பதில் இல்லையென்றால், வீதத்தை எவ்வளவு குறைத்தாலும் பணம் கசியும்.

அதிகாரத்தை மூன்றாகப் பிரியுங்கள். வீதம் நிர்ணயிப்பவர், பில் பாஸ் செய்பவர், தணிக்கை செய்பவர் மூவரும் வேறு வேறு ஆட்களாக இருக்க வேண்டும். இந்திய அரசியலமைப்பின் 106-வது பிரிவு, உறுப்பினர்களின் சம்பளத்தையும் படிகளையும் நாடாளுமன்றமே சட்டம் போட்டுத் தீர்மானிக்க விடுகிறது. வாங்குபவரே விலை எழுதும் ஏற்பாடு. பிரிட்டனிலும் அவையே தன் செலவைக் கவனித்துவந்தது. 2009-ல் செலவுப் பட்டியல்கள் கசிந்து, அவைத் தலைவரே பதவி விலக நேர்ந்தபின், அந்த வேலை தனிச் சுதந்திர அமைப்பின் கைக்குப் போனது. தனி அமைப்பு சாத்தியமில்லை என்றால், பில் பிரிவு அலுவலரை உறுப்பினர்கள் இடமாற்றம் செய்ய முடியாது என்றாவது எழுதிவையுங்கள்.

அடுத்து, வரையறைகள். விதியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

'வழக்கமான வசிப்பிடம்' எது என்பதை உறுப்பினர் ஆண்டின் தொடக்கத்திலேயே எழுத்தில் தர வேண்டும். ஆண்டுக்கு ஒரு முறைதான் மாற்றலாம். மாற்றம் முன்தேதியிட்டுச் செல்லாது. இந்த வரி விடுபட்டால், எந்த வீட்டைக் காட்டினால் படி கூடுமோ அது வசிப்பிடமாகிவிடும். பிரிட்டன் விவகாரத்தில் பெரிதாக வெடித்தது, முதல் வீட்டையும் இரண்டாம் வீட்டையும் வசதிப்படி மாற்றிமாற்றிக் காட்டிய வித்தைதான்.

பயண நோக்கத்தை மூடிய பட்டியலாகத் தாருங்கள்: அவைக் கூட்டம், குழுக் கூட்டம், தொகுதிப் பணி, அவைத் தலைவர் எழுத்தில் அனுமதித்த தூதுக்குழு. கட்சிக் கூட்டம், தேர்தல் பிரசாரம், நிதி திரட்டல், குடும்ப விசேஷம் சேராது என்று வெளிப்படையாகவே சொல்லுங்கள். பட்டியலின் கடைசியில் 'இவை போன்ற பிற பணிகள்' என்று சேர்க்கும் பழக்கம் எல்லோருக்கும் உண்டு. மேலே எழுதியதை எல்லாம் அந்த ஒரு வரி அழித்துவிடும்.

அவைப் பணியும் சொந்த வேலையும் கலந்த பயணங்களுக்கு ஒரு சோதனை போதும்: அவைப் பணி இல்லாவிட்டாலும் இந்தப் பயணம் நடந்திருக்குமா? நடந்திருக்கும் என்றால் பில் கிடையாது. ஆஸ்திரேலியாவின் 2017 சட்டம், பயணத்தின் முதன்மை நோக்கம் நாடாளுமன்றப் பணியாக இருக்க வேண்டும், செலவிட்ட பணத்துக்கு அது தகுந்ததாகவும் இருக்க வேண்டும் என்று இரண்டு அளவுகோல் வைக்கிறது. அங்கே 2014-ல் அவைத் தலைவர் ஒருவர், கட்சி நிதி திரட்டும் நிகழ்ச்சிக்காக மெல்போர்னிலிருந்து ஜீலாங்குக்கு ஹெலிகாப்டரில் போய், 5,000 டாலருக்கு மேல் பொதுப் பணத்தில் கணக்கு எழுதினார். சாலையில் ஒரு மணி நேரத் தூரம் அது. 2015-ல் விஷயம் வெளியே வந்தபோது பதவியும் போனது.

இப்போது வீதத்துக்கு வரலாம். விமானம், ரயில் இரண்டுக்கும் உண்மைச் செலவு மட்டும். ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் 2009 வரை தூரத்தைக் கணக்கிட்டு நிலையான தொகை கொடுத்தார்கள். மலிவு டிக்கெட்டில் பறந்தவருக்கு மிச்சம் சொந்தப் பணம். பிறகு ரசீது காட்டினால் ஆன செலவு மட்டும் என்று மாறியது. டிக்கெட்டைச் செயலகமே நேரடியாக எடுத்துக் கொடுத்தால் ரத்துக் கட்டணத் தகராறு பாதி குறையும். பில்லுடன் போர்டிங் பாஸைக் கேளுங்கள். டிக்கெட் என்பது பணம் கட்டியதற்குத்தான் சாட்சி, பயணம் செய்ததற்கு அல்ல.

சொந்தக் காருக்குக் கிலோமீட்டர் வீதம்தான் வழி. தூரத்தைக் காரின் மீட்டரைப் பார்த்து எழுத விடாதீர்கள். வரைபடத்தில் உள்ள குறுகிய சாலைத் தூரமே கணக்கு. ஒரே காரில் இருவர் வந்தால் ஒருவருக்கு மட்டும் படி. அதிகம் ஓடுபவருக்கு வீதம் குறைய வேண்டும், ஏனென்றால் காப்பீடு, வரி போன்ற நிலைச்செலவுகள் முதல் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே ஈடாகிவிடும். பிரிட்டன் வரித்துறை 2011-ல் வகுத்த கணக்கு இதே தர்க்கம்தான்: முதல் 10,000 மைலுக்கு மைலுக்கு 45 பென்ஸ், அதற்கு மேல் 25.

தினப்படிக்கு வருகைப் பதிவேட்டுக் கையெழுத்து அவசியம், ஆனால் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியேறுவதை அது தடுக்காது. பெயர் சொல்லி எடுக்கும் வாக்கெடுப்புகளில் பாதிக்கு மேல் தவறவிட்டால் அன்றைய தினப்படியில் பாதியை ஐரோப்பிய நாடாளுமன்றம் வெட்டுகிறது. அந்த முறையைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளலாம். தங்குமிடமோ உணவோ இலவசமாகக் கிடைத்த நாளில் அந்தப் பங்கைக் கழியுங்கள்.

அடிக்கடி நடக்கும் தவறு இரட்டைப் பில். காலையில் ஒரு குழு, மாலையில் இன்னொன்று. இரண்டு பிரிவுகளும் தனித்தனியே தினப்படி போட்டுவிடும். கெட்ட எண்ணம்கூடத் தேவையில்லை, இரண்டு பதிவேடுகள் ஒன்றையொன்று பார்க்காமல் இருந்தாலே போதும். உறுப்பினர் ஒருவருக்கு ஒரே பேரேடு, அதில் ஒரு தேதிக்கு ஒரே வரி என்று வைத்தால் இது தானாக நிற்கும்.

பில் தர 90 நாள் கெடு நியாயமானது. கெடு இல்லாவிட்டால் நிதியாண்டு முடியும் வாரத்தில் கட்டுக்கட்டாக வந்து சரிபார்ப்பே நடக்காது. முன்பணத்தை 30 நாளில் நேர் செய்யாவிட்டால் சம்பளத்தில் பிடித்தம். மறுக்கப்பட்ட பில்லில் விதி எண்ணோடு காரணம் எழுதப்பட வேண்டும். மேல்முறையீடு ஒரே ஒரு முறை. தவறாக வாங்கிய பணத்தைத் திருப்பித் தந்தால் மட்டும் போதாது. ஆஸ்திரேலியச் சட்டம் அதன்மேல் 25 சதவீதம் கூடுதலாக வசூலிக்கிறது. அது இல்லாத இடத்தில், மாட்டிக்கொள்ளும்வரை வட்டியில்லாக் கடன்தான்.

கடைசியாக, வெளியீடு. காலாண்டுக்கு ஒரு முறை, பில்வாரியாக வெளியிடுங்கள். நடந்து முடிந்த பயணங்கள் மட்டும். வரப்போகும் பயணமும் வீட்டு முகவரியும் பாதுகாப்புக்காக மறைக்கப்பட வேண்டும். ஆனால் முகவரியைக் கறுப்பு மையால் அடித்துவிடாதீர்கள். பிரிட்டனில் 2009 ஜூனில் அதிகாரபூர்வமாக வெளியிட்ட தாள்களில் அப்படித்தான் செய்தார்கள். வீடு மாற்றிய வித்தை அந்தத் தாள்களை மட்டும் பார்த்தவருக்குத் தெரிந்திருக்காது. ஒவ்வொரு முகவரிக்கும் ஒரு குறியீட்டு எண் கொடுங்கள். எண் மாறினால், முகவரி தெரியாமலேயே வசிப்பிடம் மாறியது தெரிந்துவிடும்.