தண்ணீர் குடிக்க மறுத்த நாய்கள்

அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸ் அருகே, சுமார் 1,600 கிலோமீட்டர் நீளும் இடிடராட் என்னும் நாய்வண்டிப் பந்தயத்தை மனத்தில் வைத்து, பனியில் சறுக்குவண்டி இழுக்கும் என் நாய்களைப் பழக்கிய முதல் குளிர்காலத்தில், நீண்ட ஓட்டங்களுக்குப் பின் அவை வெறும் தண்ணீரை முகர்ந்துவிட்டு விலகிக்கொண்டன. பிடரித் தோலைக் கிள்ளி விட்டால், அது உடனே படியாமல் மடிந்தே நின்றது. நீரிழப்பின் அடையாளம் அது. ஓடும்போது பனியைக் கடித்து விழுங்குவதே போதும் என்று நான் நம்பியிருந்தது பெருந்தவறு.

பனியை உருக்கிய வெதுவெதுப்பான நீரில் வேகவைத்த சால்மன் துண்டுகளையும் சிறிது கொழுப்பையும் கலந்து, ஓட்டத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பும், ஓய்வுக்கு நிறுத்தியவுடனும் வைத்தேன். மீன் வாசனைக்காகவே கிண்ணத்தை நக்கித் துடைத்தன. முன்னோடும் நாய் மட்டும் மூன்று நாள் பிடிவாதமாக இருந்தது. அதற்கு மாட்டு ஈரல் சேர்த்த பிறகே குடித்தது. இப்போது பனியில் விழும் சிறுநீரின் நிறம் அடர்ந்தால், அடுத்த வேளை நீரைக் கூட்டுகிறேன்.