வீட்டிலேயே புகைப்படம் அச்சிட: ஸ்கேனரும் கலர் பிரிண்டரும் வாங்கும் முன்

புகைப்படம் அச்சிடுவதற்கு எந்த ஸ்கேனர், எந்தப் பிரிண்டர் வாங்கலாம் என்று உறவினர்களும் நண்பர்களும் கேட்கும்போது, வாரத்திற்கு எத்தனை படம் பிரிண்ட் போடப் போகிறீர்கள் என்றுதான் நான் முதலில் திருப்பிக் கேட்பேன். பெரும்பாலோரிடம் அதற்குப் பதில் இருப்பதில்லை. அம்மாவின் பீரோவில் இருக்கும் மூன்று ஆல்பங்களையும், பிஸ்கட் டப்பாவில் சுருண்டு கிடக்கும் நெகட்டிவ்களையும் காப்பாற்ற வேண்டும் என்பதே அவர்களுடைய உண்மையான தேவையாக இருக்கும்; அதற்கு ஸ்கேனர் மட்டுமே போதும். ஸ்கேன் செய்த கோப்புகளைப் பென் டிரைவில் போட்டு ஊரிலுள்ள கலர் லேபில் கொடுத்தால் அவர்களே நல்ல தாளில் அச்சிட்டுத் தந்துவிடுவார்கள். ஸ்கேனரைப் பல மாதம் தொடாமல் வைத்தாலும் எடுத்த அன்று வேலை செய்யும். மையைத் தாளில் தெளித்து அச்சிடும் இன்க்ஜெட் பிரிண்டரோ வாரத்திற்கு ஒருமுறையாவது ஓடவில்லையென்றால் தகராறு செய்யத் தொடங்கும். ஆகவே ஸ்கேனரை முதலில் வாங்குங்கள். பிரிண்டரைப் பற்றி ஆல்பங்களை முடித்த பிறகு யோசிக்கலாம்.

ஸ்கேனர் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் டிபிஐ எண்ணைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. ஓர் அங்குலத்தை எத்தனை புள்ளிகளாகப் பிரித்துப் படிக்கிறது என்பதே அந்தக் கணக்கு. 4×6 அங்குலப் படம் ஒன்றை 300 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் 1200×1800 புள்ளிகள் கிடைக்கும். அதே அளவில் மறுபடி அச்சிட இது போதும். 600 டிபிஐயில் எடுத்தால் 2400×3600 புள்ளிகள், அதாவது ஏறத்தாழ 8.6 மெகாபிக்சல் கிடைக்கும். அதை 8×12 அங்குலம் வரை தாராளமாகப் பெரிதாக்கலாம். அதற்கு மேல் போனால் பழைய பிரிண்டில் புதிய விவரம் எதுவும் வெளிவருவதில்லை. தாளின் சொரசொரப்பும் தூசியும்தான் பெரிதாகத் தெரியும். தாத்தாவுக்கு இருக்கும் ஒரே படம் பாஸ்போர்ட் அளவுப் படம், அதைப் பெரிதாக்கிச் சுவரில் மாட்ட வேண்டும் என்பது நம் வீடுகளில் அடிக்கடி வரும் நிலைமை. 35×45 மில்லிமீட்டர் கொண்ட அந்தப் படத்தை 1200 டிபிஐயில் எடுத்தால் சுமார் 5.5×7 அங்குலத்திற்கு வேண்டிய புள்ளிகள் கிடைத்துவிடும். காகிதப் படங்களுக்கு 4800 டிபிஐ தேவைப்படும் சந்தர்ப்பம் எனக்கு இதுவரை வந்ததில்லை. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: பெட்டியில் இரண்டு எண்கள் இருந்தால், ஆப்டிகல் என்று குறித்திருப்பதே ஸ்கேனர் உண்மையில் படிக்கும் அளவு, மற்றது மென்பொருள் இடையிடையே ஊகித்து நிரப்பிய எண், அதற்குக் காசு கொடுக்காதீர்கள்.

டிபிஐயை விட முக்கியமானது, உள்ளே இருக்கும் சென்சாரின் வகை. கேனான் லைட் 300, லைட் 400, எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி39 போன்ற மெல்லிய ஸ்கேனர்களில் இருப்பது சிஐஎஸ் சென்சார். இவை யுஎஸ்பி கம்பியிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும், விலையும் குறைவு. ஆனால் கண்ணாடியோடு ஒட்டிப் படிந்திருப்பதை மட்டுமே தெளிவாகப் பார்க்கும். எப்சன் பெர்ஃபெக்‌ஷன் வி600 போன்ற தடித்த ஸ்கேனர்களில் லென்ஸும் ஒளியைத் திருப்பும் முகக்கண்ணாடிகளும் கொண்ட சிசிடி அமைப்பு இருப்பதால், கண்ணாடிக்குச் சில மில்லிமீட்டர் மேலே இருப்பதும் தெளிவாக விழும். இந்த வித்தியாசத்தைக் கடையிலேயே பார்த்துவிடலாம். ஒரு பிளாஸ்டிக் ஸ்கேலின் ஒரு முனையை ஸ்கேனர் கண்ணாடியில் படியவிட்டு, மறு முனைக்கு அடியில் மூன்று நாணயங்களை அடுக்கி ஸ்கேன் செய்யுங்கள். சிஐஎஸ் ஸ்கேனரில் முதல் சில சென்டிமீட்டர் கோடுகள் கூர்மையாக இருந்து, பிறகு எண்கள் புகைபோல் கலங்கிவிடும். சிசிடியில் கடைசி வரை படிக்க முடியும்.

ஆல்பத்தில் எல்லாமே தட்டையான உதிரிப் படங்களாக இருந்தால் இந்த வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. ஆனால் பிரேமுக்குள் வருடக்கணக்கில் இருந்து, மழைக்கால ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிப்போன கல்யாணப் படம் ஒன்று அநேகமாக எல்லா வீட்டிலும் இருக்கும். அதைப் பிய்த்து எடுக்க முயன்றால் முகத்தின் பாதி கண்ணாடியிலேயே தங்கிவிடும். பின்பலகையை மட்டும் கழற்றி, படத்தைக் கண்ணாடியோடு சேர்த்தே சிசிடி ஸ்கேனரில் கவிழ்த்து வைத்து எடுப்பதுதான் பாதுகாப்பான வழி. நெகட்டிவ் எடுக்க வேண்டுமென்றாலும் மூடியில் விளக்கு உள்ள வி600 போன்ற ஸ்கேனர்தான் வேண்டும். மேலே சொன்ன மெல்லிய ஸ்கேனர்களில் அந்த வசதி இல்லை. 24×36 மில்லிமீட்டர் நெகட்டிவை 2400 டிபிஐயில் எடுத்தால் 7.7 மெகாபிக்சல் கிடைக்கும். வி600இல் உள்ள டிஜிட்டல் ஐஸ் என்னும் வசதி, அகச்சிவப்பு ஒளியால் தூசியையும் கீறலையும் கண்டுபிடித்து நீக்கும். கலர் நெகட்டிவுக்கு இது பேருதவி. கறுப்பு வெள்ளை நெகட்டிவில் உள்ள வெள்ளித் துகள்கள் அகச்சிவப்பையும் மறைப்பதால் அங்கே இதை அணைத்துவிட வேண்டும். இருபது முப்பது நெகட்டிவ்களுக்காக மட்டும் இவ்வளவு பெரிய ஸ்கேனரை வாங்குவதைவிட, நல்ல லேபில் கொடுத்து ஸ்கேன் செய்துகொள்வது சிக்கனம்.

ஸ்கேன் செய்யும்போது, மென்பொருளில் உள்ள தானியங்கித் திருத்தங்களை எல்லாம் அணைத்துவிட்டு, டிஃப் (TIFF) கோப்பாகச் சேமிக்கவும். 600 டிபிஐயில் 4×6 படம் ஒன்று சுமார் 26 எம்பி வரும். கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலரிலேயே எடுங்கள்; மஞ்சள் கறையைப் பிறகு தனியே பிரித்து நீக்க அது உதவும். பட்டுத்துணி போல் சொரசொரப்பான தாளில் போட்ட பழைய படங்களில் விளக்கொளி பட்டு வெள்ளைப் புள்ளிகள் மின்னும். அப்படிப்பட்ட படத்தை ஒருமுறை நேராகவும் ஒருமுறை தலைகீழாகத் திருப்பியும் ஸ்கேன் செய்து, தலைகீழானதை மீண்டும் நேராக்கி, இரண்டையும் மென்பொருளில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து மேலதைப் பாதி ஒளிபுகச் செய்தால், மினுமினுப்பு பெருமளவு அடங்கிவிடும்.

இனிப் பிரிண்டர். லேசர் பிரிண்டர் ஆவணங்களுக்கு அருமையானது, புகைப்படத்திற்கு அன்று. இன்க்ஜெட்டுக்கான கிளாசி (பளபளப்பான) தாளை அதில் விட்டால், சூட்டில் மேற்பூச்சு உருகி உள்ளே ஒட்டி இயந்திரமே கெட்டுவிடலாம். மாதத்திற்கு ஒருமுறை, 4×6 மட்டுமே அச்சிடுபவர்களுக்கு கேனான் செல்ஃபி சிபி1500 போன்ற, ரிப்பனிலுள்ள சாயத்தைச் சூட்டினால் தாளுக்கு மாற்றும் டை-சப்ளிமேஷன் பிரிண்டர் பொருத்தமானது. ரிப்பனிலிருந்து மஞ்சள், மெஜந்தா, சயான், கடைசியாக ஒரு பாதுகாப்புப் பூச்சு என்று தாள் நான்கு முறை உள்ளே போய் வெளியே வருவதைக் குழந்தைகள் வேடிக்கை பார்ப்பார்கள். திரவ மை இல்லாததால் எத்தனை மாதம் சும்மா இருந்தாலும் அடைத்துக்கொள்ளாது. தாளும் ரிப்பனும் 108 படங்களுக்கு ஒரே தொகுப்பாக வருவதால், விலையை 108ஆல் வகுத்தால் ஒரு படத்தின் அடக்கவிலை தெரிந்துவிடும். அதை லேபின் விலையோடு ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

A4 வரை அச்சிட வேண்டும், வாரந்தோறும் ஓட்டவும் முடியும் என்றால், மையைத் தொட்டியில் ஊற்றிக்கொள்ளும் இன்க் டேங்க் வகை இன்க்ஜெட் பிரிண்டர்தான். இங்கேதான் பலரும் ஏமாந்துவிடுகிறார்கள். நான்கு நிறப் பிரிண்டர்கள் பலவற்றில் கறுப்பு மை மட்டும் எழுத்துக்கென்று அமைந்த, நுண்ணிய நிறத்துகள்கள் கலந்த பிக்மென்ட் மை. அது கிளாசி தாளில் ஊறாமல் மேலே நிற்கும் என்பதால், போட்டோ தாளைத் தேர்ந்தெடுத்தவுடன் பிரிண்டர் கறுப்பை ஒதுக்கிவிட்டு, மற்ற மூன்று நிறங்களைக் கலந்தே கறுப்பை உண்டாக்கும். அதனால்தான் அப்பாவின் கறுப்பு வெள்ளைப் படம் லேசான பச்சையாகவோ பழுப்பாகவோ வெளிவருகிறது, தலைமுடி ஆழமில்லாமல் வெளிறித் தெரிகிறது. புகைப்படத்திற்கென்றே உள்ள ஆறு நிறப் பிரிண்டர்களில் எப்சன் எல்8050, வழக்கமான நான்கோடு வெளிர் சயான், வெளிர் மெஜந்தா ஆகியவற்றைச் சேர்த்திருக்கிறது. கன்னத்தின் வெளிச்சப் பகுதி, வானம் போன்ற மெல்லிய நிறங்களில் புள்ளி தெரியாமல் வழவழப்பாக வருவது இதனால்தான். கேனான் ஜி570 சிவப்பும் சாம்பலும் சேர்த்திருக்கிறது. சாம்பல் மை இருப்பதால் கறுப்பு வெள்ளைப் படங்களில் நிறச்சாயல் குறைகிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் அதிகம் உள்ள வீட்டுக்குச் சாம்பல் மை உள்ளதையும், குழந்தைகள், பண்டிகை, பயணம் என்று செல்போன் படங்களே அதிகம் என்றால் வெளிர் மைகள் உள்ளதையும் நான் சொல்வேன். 5760 போன்ற அச்சு டிபிஐ எண்கள் மைத்துளிகளை எங்கெங்கே வைக்க முடியும் என்பதைக் குறிப்பவை. படத்தின் தெளிவை அவற்றால் ஒப்பிட முடியாது.

கடைக்காரர் காட்டும் மாதிரிப் படம் எப்போதும் கிளியும் பழக்கூடையுமாகவே இருக்கும். அவற்றின் உண்மை நிறம் யாருக்குத் தெரியும்? உங்கள் வீட்டு ஆள் ஒருவர் மரநிழலில் நிற்கும் படம், ஒரு கறுப்பு வெள்ளைப் படம், வெள்ளை வேட்டியின் மடிப்புகள் தெரியும் படம் ஆகிய மூன்றையும் பென் டிரைவில் எடுத்துச் சென்று அச்சிட்டுத் தரச் சொல்லுங்கள். அச்சிட்டதைக் கடையின் விளக்கிலும், பிறகு வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்திலும் பாருங்கள். மாநிறம் செம்மண்ணாகவோ சாம்பல் பூத்தாற்போலவோ மாறினால், வேட்டியின் மடிப்பு வெறும் வெள்ளையாகக் கரைந்துவிட்டால், வேறு பிரிண்டரைப் பார்க்கலாம்.

வாங்கிய பிறகு செய்யும் தவறு ஒன்றை என் வீட்டுக் கதையாகவே சொல்கிறேன். பிரிண்டரின் பொத்தானை அமுக்காமல், சுவரிலுள்ள பிளக் சுவிட்சையே தட்டி அணைக்கும் பழக்கம் எங்களுக்கு இருந்தது. அப்படி அணைத்தால் மை தெளிக்கும் ஹெட் தன் மூடியில் போய் உட்கார வாய்ப்பில்லாமல் நடுவழியிலேயே நின்றுவிடும். கோடை விடுமுறை முடிந்து வந்து பார்த்தபோது, மைத் துளைகள் அடைத்திருக்கின்றனவா என்று பார்க்க அச்சிடும் நாசில் செக் தாளில் மெஜந்தா வரியே இல்லை. சுத்தம் செய்யும் கட்டளையைத் திரும்பத் திரும்பக் கொடுத்ததில் கால் டேங்க் மை வீணாகிக் கழிவுப் பஞ்சில் சேர்ந்ததுதான் மிச்சம். பிறகு ஹெட்டையே மாற்ற வேண்டியதாயிற்று. பொத்தானால் அணைத்து, அது ஓய்ந்த பிறகே பிளக்கை அணைக்க வேண்டும். கழிவு மை சேரும் பெட்டியை நாமே மாற்றிக்கொள்ள முடியுமா, சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போக வேண்டுமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுங்கள்.

தாளில் சிக்கனம் பார்த்தால் ஆறு நிற மையும் வீண். மலிவான கிளாசி தாள் வெறும் காகிதத்தின் மேல் பூச்சு. ஆர்சி தாளில் காகிதத்தின் இருபுறமும் மெல்லிய பிளாஸ்டிக் படலம் இருக்கும். ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால், ஆர்சி தாளில் அந்தப் படலம் இழுபட்டுக் கிழிவது கண்ணுக்குத் தெரியும். 4×6 படங்களுக்கு 200 ஜிஎஸ்எம்முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை) மேற்பட்ட ஆர்சி தாள் கையில் எடுக்கத் திடமாக இருக்கும். கணினியிலுள்ள பிரிண்டர் மென்பொருளான டிரைவரில் தாளின் வகையைச் சரியாகத் தேர்ந்தெடுக்க மறக்காதீர்கள். நிறக் கணக்கு முழுவதும் அந்த மைக்கும் தாளுக்கும் ஏற்பவே அமைந்திருக்கிறது. மலிவான வேற்று மையை ஊற்றினால் அந்தக் கணக்கு தவறிப்போவதோடு, படமும் விரைவில் வெளுக்கும். செல்போன் படங்கள் பெரும்பாலும் 4:3 விகிதத்தில் இருப்பதால், 3:2 விகிதமுள்ள 4×6 தாளில் அகலவாக்கில் எடுத்த படம் மேலும் கீழும் சிறிது வெட்டுப்படும்; யாருடைய தலை போகும் என்பதை நாமே பார்த்து வெட்டிவிட்டு அனுப்புவது நல்லது.

அச்சிட்ட படத்தை ஒரு நாள் முழுக்க, மின்விசிறிக் காற்று நேரே படாத இடத்தில் விரித்துக் காயவிட்ட பிறகே பிரேம் போட வேண்டும். பிரேம் கடைக்காரரிடம், கண்ணாடிக்கும் படத்திற்கும் நடுவே அட்டை மவுன்ட் வைத்து இடைவெளி விடச் சொல்லுங்கள். வெயில் நேரே விழாத சுவரில் மாட்டுங்கள்.