மசக்கைக்கு மூன்று விரல் கணக்கு

மூன்றாம் மாதம். கம்பத்திலிருந்து குமுளியில் உள்ள ஏலக்காய்க் கடைக்குத் தினமும் பஸ். மலையடிவாரத்து லோயர் கேம்ப் வருமுன்பே குமட்டும். ஏலக்காய் மணமே எதிரியாகிவிட்டது.

மகப்பேறு மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, அவர் தந்த மாத்திரையோடு அக்குபங்சரும் தொடங்கினேன். மயிரிழை ஊசி, எறும்புக்கடி அளவுகூட வலியில்லை. உள்மணிக்கட்டு ரேகையிலிருந்து முழங்கைப் பக்கமாக மூன்று விரல் தள்ளி, இரண்டு தசைநாண்களுக்கு நடுவே இருக்கிறது 'நெய்குவான்' புள்ளி. பஸ்ஸில் அதையே கட்டைவிரலால் இரண்டு நிமிடம் அழுத்துவேன். பக்கத்து இருக்கை அக்கா, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே அழுத்தச் சொன்னார். நல்ல மனசுதான், ஆனால் கர்ப்பத்தில் அந்தப் புள்ளியைத் தவிர்ப்பார்கள்.

வாந்தி நிற்கவில்லை, குறைந்தது. ஊசியாலா, மாத்திரையாலா, நான்காம் மாதம் பிறந்ததாலா, யார் கண்டது? மலை வளைவெல்லாம் ஏறியும் பையை விரிக்காத அன்று, குமுளியில் இறங்கி ஒரு கட்டன்சாயா குடித்தேன்.