பிரியாவிடை மேடைக்கு ஒரு சிரிப்பு உயில்: முதல்முறை எழுதுபவர்களுக்கான செய்முறை

ஐந்தாம் படிவப் பிரியாவிடை என்றால் மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கம் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கும். தலைமையாசிரியர் உரை, ஒரு நடனம், கண்ணைக் கசக்க வைக்கும் ஒரு பாட்டு, கடைசியில் பொட்டலம் கட்டிய மீகூன் (அரிசிச் சேமியா). நடுவில் ஐந்து நிமிடம் உயில் வாசித்துப் பாருங்கள். போனை நோண்டிக்கொண்டிருக்கும் பின்வரிசைகூட நிமிர்ந்து உட்காரும்.

பள்ளியை விட்டுப் போகிறவர்கள் தங்கள் ‘சொத்து’களை நண்பர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கீழ்ப்படிவத் தம்பி தங்கைகளுக்கும் எழுதி வைப்பதுதான் இது. அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் நூறு ஆண்டுக்கும் மேலாக இருக்கும் பழக்கம். அங்கே ஆண்டு மலரிலேயே அச்சடித்துவிடுவார்கள். ஆனால் சிரிப்பு உயில் அதைவிட எவ்வளவோ பழசு. 4-ஆம் நூற்றாண்டு வாக்கில் ரோமப் பேரரசில், வெட்டுப்படப் போகும் பன்றிக்குட்டி ஒன்று எழுதி வைத்ததாக ஓர் உயில் உலவியது. செருப்புத் தைப்பவர்களுக்கு என் முடி, காது கேளாதவர்களுக்கு என் காது, வக்கீல்களுக்கும் வாயாடிகளுக்கும் என் நாக்கு, பையன்களுக்கு என் மூத்திரப்பை என்று அது பங்கு பிரிக்கும். பள்ளிப் பையன்கள் கூட்டமாக இதை ஒப்பித்துச் சிரிக்கிறார்கள் என்று புனித ஜெரோம் எழுதியிருக்கிறார்.

அந்தக் குட்டியிடம் நாம் படிக்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. அது பங்கு போட்டது தன் உடம்பை. உயிலில் சிரிப்பு, கொடுப்பவர் மேல்தான் விழ வேண்டும். வாங்குபவரைக் குத்தினால் அது உயில் இல்லை, வசவு.

படி 1: சொத்தைக் கணக்கெடுங்கள்

ஒரு தாளில் மூன்று தலைப்பு போடுங்கள்: அசையும் சொத்து, அசையாச் சொத்து, குணம்.

அசையும் சொத்து எல்லோரிடமும் இருக்கும். மூடி இல்லாத பேனா, மைலோ டின்னில் செய்த பென்சில் பெட்டி, செம்மண் ஒட்டி நிறமே மாறிய கறுப்புச் சப்பாத்து (ஷூ). அண்ணன்மார் காலத்து வெள்ளைச் சப்பாத்துச் சாயப் புட்டி வீட்டில் கிடந்தால் அதையும் சேருங்கள். இன்றைக்கு யாருக்கும் உதவாது என்பதே அதன் மதிப்பு. அசையாச் சொத்து என்றால் மின்விசிறிக்கு நேர்கீழே உள்ள மேசை, கன்டீன் தூணுக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சு, பள்ளி வேனின் கடைசி இருக்கை.

மூன்றாவது தலைப்புதான் தங்கச் சுரங்கம். ஆனால் அங்கேதான் பலரும் சோம்பேறித்தனமாக எழுதுவார்கள். “தாமதமாக வரும் பழக்கம்” என்று எழுதினால் யாரும் சிரிக்க மாட்டார்கள். எந்தத் தாமதம், என்ன சாக்கு? “வாரத்தில் மூன்று நாள், அதே லாரி அதே வளைவில் செம்பனைக் குலைகளைக் கொட்டிவிட்டதால் வேன் நின்றுவிட்டது என்ற சாக்கு” என்று எழுதிப் பாருங்கள். தோட்டத்திலிருந்து வேனில் வரும் எல்லோருக்கும் அந்த வளைவு தெரியும். லாரி நிஜமாகவே ஒருமுறை கொட்டியதும் தெரியும். மீதி இரண்டு நாளை நினைத்துத்தான் சபை சிரிக்கும்.

படி 2: வாரிசைத் தேர்ந்தெடுங்கள்

பொருளுக்கும் ஆளுக்கும் ஒரு தொடர்பு இருக்க வேண்டும். சிலர் முதலில் இப்படி எழுதிக்கொண்டு வருவார்கள்:

“எப்போதும் தின்றுகொண்டே இருக்கும் ___க்கு என் கன்டீன் பங்கை எழுதி வைக்கிறேன்.”

நாலு பேர் சிரிப்பார்கள். பெயர் சொல்லப்பட்டவன் சிரிப்பது போல நடிப்பான். அதையே திருப்பிப் போடுங்கள்:

“கன்டீன் அக்காவிடம் ‘நேத்தே காசு கொடுத்துட்டேனேக்கா’ என்று கூசாமல் சொல்லும் என் தைரியத்தை, ஒவ்வொரு முறையும் பின்னால் வந்து எனக்காகக் காசு கட்டிய ___க்கு எழுதி வைக்கிறேன். இனியாவது அவன் காசு மிஞ்சட்டும்.”

இப்போது மாட்டிக்கொண்டது நீங்கள். நண்பனுக்கோ சபை நடுவே ஒரு நன்றி கிடைத்துவிட்டது. எழுதிய ஒவ்வொரு வரியையும் இப்படி ஒருமுறை புரட்டிப் பாருங்கள்.

நிறம், எடை, சாதி, மதிப்பெண், வீட்டு வருமானம் இவற்றைத் தொடவே வேண்டாம். எங்கள் ஊர்ப் பள்ளியில் தோட்டக் கிராணி (எழுத்தர்) மகனும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுபவர் மகளும் ஒரே பெஞ்சில் உட்காருகிறார்கள். அந்த வித்தியாசத்தை மேடையில் நினைவுபடுத்த யாருக்கும் உரிமை இல்லை. அப்புறம், காதல் விவகாரம். பெற்றோரும் சபையில் இருப்பார்கள். நிகழ்ச்சி முடிந்து மீகூன் கைக்கு வருவதற்குள் செய்தி வாட்சாப்பில் தோட்டம் முழுக்கப் போய்விடும்.

படி 3: சாசன நடையைப் பிடியுங்கள்

பத்திர எழுத்தர் நடையில் அற்ப விஷயத்தைச் சொல்லும்போதுதான் சிரிப்பு பிறக்கிறது. ‘யாதெனில்’, ‘மேற்படி’, ‘நான்கெல்லைக்குட்பட்ட’, ‘ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது’ போன்றவற்றைக் கூச்சமில்லாமல் அள்ளிப் போடுங்கள். ஒரு மாதிரி:

“ஐந்தாம் படிவம், கடைசி வரிசையில் வசிக்கும் நான், சுயபுத்தியுடனும் (அறிவியல் டீச்சர் இதை ஏற்கவில்லை), பிறர் தூண்டுதல் இன்றியும் எழுதி வைக்கும் உயில் சாசனம் யாதெனில்: கிழக்கே திறக்காத சன்னல், மேற்கே ___ இன் மேசை, வடக்கே கரும்பலகையை மறைக்கும் தூண், தெற்கே குப்பைத் தொட்டி, இந்த நான்கெல்லைக்குட்பட்ட என் மேசையை, அதன் கிறுக்கல்கள் சகிதம், நான்காம் படிவத் தம்பி ___ அடைந்து, புத்திர பௌத்திர பாரம்பரியமாக ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது. மேற்படி மேசைக்கு ஒரு கால் ஆடும். அதன் அடியில் மடித்து வைத்திருப்பது என் வரலாற்றுத் தேர்வுத்தாள். எக்காரணம் கொண்டும் அதைப் பிரித்துப் பார்க்கக் கூடாது.”

ஒரே ஒரு எச்சரிக்கை. ‘என் மறைவுக்குப் பிறகு’ என்று எழுதாதீர்கள். முன்வரிசையில் இருக்கும் பாட்டி “வாயைக் கழுவுடா” என்று அங்கேயே சொல்லிவிடுவார். ‘என் பள்ளிக் காலத்துக்குப் பிறகு’ என்று போட்டால் போதும். மலாய் நண்பர்களுக்காக மலாயிலும் வாசிப்பதாக இருந்தால், இது விளையாட்டு என்று முதலிலேயே ஒரு வரி சொல்லிவிடுவது நல்லது. வாசியத், அதாவது உயில், அவர்கள் சமயத்தில் விதிமுறை உள்ள காரியம்.

படி 4: ஆசிரியர்கள்

பட்டப்பெயர் கூடாது. வகுப்பில் ரகசியமாகப் புழங்கும் பட்டப்பெயர் எவ்வளவு பொருத்தமாக இருந்தாலும் சரி, கூடாது. ஆசிரியரைப் போல நடித்துக் காட்டுவதும் எனக்குப் பிடிக்காது. அது உயிலை நாடகமாக்கிவிடும்.

இங்கேயும் உங்கள் குற்றத்தையே கொடுங்கள். “கட்டொழுங்கு ஆசிரியரின் கத்தரிக்கோலுக்கு ஐந்தாண்டுகளாகத் தப்பிய என் தலைமுடியை, இன்று அவர் காலடியில் ஒப்படைக்கிறேன். எடுத்துக்கொள்ளுங்கள் சார், இனி அது பள்ளி எல்லைக்குள் வராது.” கணக்கு டீச்சருக்கு: “வேனில் தொலைந்துவிட்டதாக நான் சொன்ன பயிற்சிப் புத்தகங்கள் அத்தனையையும். அவை எப்போதும் என் பையில்தான் இருந்தன, டீச்சர்.”

ஜாகா (காவலாளி) அண்ணன், துப்புரவு அக்கா, வேன் அங்கிள் இவர்களை விட்டுவிடாதீர்கள். அவர்கள் பெயர் மேடையில் ஒலிப்பதே அபூர்வம். கைதட்டல் அங்கேதான் பலமாக வரும்.

படி 5: கையெழுத்தும் சாட்சியும்

உண்மையான உயிலைப் போலவே முடியுங்கள். தீபகற்ப மலேசியாவில், முஸ்லிம் அல்லாதவர்களின் உயிலுக்கு 1959-ஆம் ஆண்டின் உயில் சட்டம்தான் அடிப்படை. எழுதுபவருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது இரண்டு சாட்சிகள் ஒரே நேரத்தில் கூட இருக்க வேண்டும். சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய கணவன், மனைவிக்கோ எதையாவது எழுதி வைத்திருந்தால் அந்தப் பங்கு செல்லாது.

இதிலேயே இரண்டு நகைச்சுவை தயாராக இருக்கிறது. “எனக்கு இன்னும் 17 வயதுதான், ஆகவே இந்த உயில் செல்லாது என்பதை ஆனந்தத்துடன் அறிவிக்கிறேன்” என்று தொடங்கலாம். உங்களிடம் அதிகமாக எதிர்பார்க்கும் நண்பனைச் சாட்சியாகப் போட்டுவிட்டு, “சாட்சி என்பதால் இவனுக்கு ஒன்றும் கிடையாது” என்றும் முடிக்கலாம்.

படி 6: வாசிப்பு

வகுப்பே சேர்ந்து ஒரே உயிலாகப் போடுங்கள். ஆளுக்கொரு உயில் என்றால் மீகூன் ஆறிவிடும். எல்லோரும் எழுதிக் கொடுத்ததில் நல்ல பத்துப் பன்னிரண்டு வரிகளைப் பொறுக்கினால் போதும். விடுபட்டவர்கள் கோபித்துக்கொள்வார்கள். அவர்களுடைய வரிகளை அச்சடித்துச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

எழுதியவரே வாசிக்க வேண்டும் என்பதில்லை. வகுப்பிலேயே சிரிக்காத முகம் யாருக்கு இருக்கிறதோ அவரிடம் கொடுங்கள். வாசிப்பவர் சிரித்துவிட்டால் சபைக்குச் சிரிக்க ஒன்றும் மிஞ்சாது. ஒவ்வொரு வாரிசின் பெயரையும் சொன்ன பிறகு ஒரு மூச்சு விடுங்கள். எல்லோரும் திரும்பி அந்த ஆளைத் தேடுவதற்கு அவ்வளவு நேரமாவது வேண்டும்.

மேடைக்கு இரண்டு மூன்று நாள் முன்பே பிரதியைப் பொறுப்பாசிரியரிடம் காட்டிவிடுங்கள். அவர் ஒரு வரியை அடித்தால் வாதாடாதீர்கள், வேறு எழுதிக்கொள்ளுங்கள். பெயர் வரும் நண்பர்களிடமும் தனியாக ஒரு வார்த்தை கேட்டுவிடலாம். வாசித்து முடித்ததும் வரி வரியாகக் கத்தரித்து, பொருள் இருந்தால் பொருளோடு, அவரவர் கையில் கொடுத்துவிடுங்கள். மூடியில்லாத பேனாவை மட்டும் ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். பள்ளிச் சட்டையில் மை கசிந்தால் போகாது.