ஃபார்மால்டிஹைடு: வாடை போனால் ஆபத்து போனதா?

புது அலமாரியைத் திறந்ததும் கண் கரிக்கும், தொண்டை கமறும். பலகையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு வாயு அதற்கு முக்கியமான ஒரு காரணம். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-லேயே இதை வகைப்படுத்திவிட்டது. ஆனாலும் "புது சாமான் வாசனைதானே" என்று விட்டுவிடுகிறோம்.

பெரிய தவறு, மூக்கை நம்புவது. நாலு நாளில் வாடை பழகிவிடும். வாயு வந்துகொண்டேதான் இருக்கும். பார்ட்டிக்கிள் போர்டு, எம்.டி.எஃப். பலகைகளில் மரத்தூளை ஒட்டவைப்பது பெரும்பாலும் யூரியா-ஃபார்மால்டிஹைடு பசை. ஈரமும் வெப்பமும் அதைச் சிறுகச் சிறுகச் சிதைப்பதால் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில்கூட வாயு கசியும். அலமாரியின் ஒரு தட்டை வெளியே இழுத்து, பின்விளிம்பையும் திருகுத் துளைகளையும் பாருங்கள். மேலே வழவழவென்று லேமினேட் இருக்கும். அங்கே மட்டும் மரத்தூள் அப்படியே தெரியும். வாயு எளிதாக வெளியேறும் வழி அதுதான். அந்த இடங்களை வார்னிஷோ எட்ஜ் பேண்டோ (விளிம்பில் ஒட்டும் பட்டை) போட்டு மூடுங்கள். புது மரச்சாமான் போட்ட அறையைப் பூட்டிவைப்பதும், உடனே அதில் குழந்தையைப் படுக்கவைப்பதும் வேண்டவே வேண்டாம்.

அடுத்த தவறு, காற்றைச் சுத்திகரிக்கும் கருவியை வாங்கிவிட்டு ஜன்னலைச் சாத்துவது. அதிலுள்ள ஹெப்பா ஃபில்டர் எனும் நுண்வடிகட்டி தூசியைப் பிடிக்கும், இந்த வாயுவைப் பிடிக்காது. ஓசோன் விடும் கருவி இன்னும் மோசம்: எலுமிச்சை, பைன் வாசனையுள்ள துப்புரவுத் திரவங்களின் ஆவியோடு ஓசோன் வினைபுரிந்து புதிதாக ஃபார்மால்டிஹைடை உண்டாக்கும். செடி வளர்த்தால் போதும் என்பதும் வீண் நம்பிக்கை. செடிகள் இந்த வாயுவைக் குறைக்கும் என்று 1989-ல் நாசா வெளியிட்ட ஆய்வு, காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் நடந்தது. வீடு அப்படி இல்லையே!

முடியை நேராக்கும் சிகிச்சையில் லேபிளை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். 'மெத்திலீன் கிளைக்கால்' என்று போட்டிருந்தாலும் விஷயம் ஒன்றுதான்; அது தண்ணீரோடு சேர்ந்த ஃபார்மால்டிஹைடுதான். முடியை நேராக்கும் சூடான கருவி பட்டதும் வாயுவாகக் கிளம்பும். வாடிக்கையாளராவது எழுந்து போய்விடுவார். நாள் முழுக்க அதைச் சுவாசிக்கும் அழகுக்கலைஞரை நினைத்தால்தான் எனக்குக் கவலை.

கசங்காமல் இருக்க இதே வேதிப்பொருளைக் கொண்டு பதப்படுத்திய துணியைத் துவைத்த பிறகே உடுத்துங்கள். வீட்டுக்குள் புகைபிடிப்பது, ஊதுபத்தி கொளுத்துவது எல்லாமே இதே வாயுவைக் கூட்டும். கேஸ் அடுப்பு எரியும்போது, காற்றை வெளியே தள்ளும் மின்விசிறி ஓடட்டும்.